மாடு முட்டிய வழக்கு

இடது மணிக்கட்டு வீங்கிப்போய்க் கண்ணாடி வளையல் சதையில் பதிந்துவிட்டதால், கனகம் அன்றைக்கு வலது கையால் மட்டும் களை கொத்திக்கொண்டிருந்தாள். வளையலை உடைத்துவிட்டால் வலி குறையும். ஆனால் ஆடி வெள்ளிக்கிழமையும் அதுவுமாக யாராவது கையில் இருக்கிற வளையலை உடைப்பார்களா? வலித்தால் வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடலைக்காட்டில் அவளைத் தவிர ஆளில்லை. அந்த நேரத்தில்தான் வரப்பு மேல் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். முன்னால் வந்தவன் அப்பாவு, ஐந்தாம் வகுப்பு. பின்னால் அவன் தங்கச்சி. இரண்டு பேர் கையிலும் வேப்பங்கொத்து. அம்மனுக்குக் கூழ் ஊற்ற கேழ்வரகு கேட்டு வருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவள் நிமிர்ந்தாள்.

"அத்தை, ஒங்கள கோர்ட்டுல கூப்பிடறாங்க" என்றான் அப்பாவு.

"எந்தக் கோர்ட்டுடா? செங்கல்பட்டு கோர்ட்டா?"

"ஸ்கூல் கோர்ட்டு. தசரதன் மாமா மேல பிராது கீது. அடிபட்டது நீங்க. அதனால நீங்களும் வரணும்."

கனகத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூக்கை ஒழுங்காகச் சிந்தத் தெரியாத பயல், அவள் புருஷனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறானாம். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "யார்ரா பிராது குட்த்தது?"

"ஒங்க சரோஜாதான்."

"மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"மொதல்ல அவருகிட்டதான் போனோம். கோயிலாண்ட கூழ் ஊத்தறதப்பத்திப் பெரியவங்க பேசிக்கினு இருந்தாங்க. நேரா போயி, வேப்பங்கொத்த நீட்டி, எல்லாருக்கும் கேக்கறமாரி சொல்லணும்னு சாரு முன்னாலயே சொல்லிக் குட்த்துகீறாரு. அப்பிடியே சொன்னோம். 'பொஞ்சாதிய அடிச்சதுக்காக'ன்னு சொன்னோம்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"எல்லாரும் சிரிச்சாங்க. அவரு எழுந்து போயிட்டாரு."

"மாட்டுக் கொட்டாய்க்குப் போனாரு" என்றது தங்கச்சி. "சாட்டைய எடுத்தாரு. நான் பாத்தேன்."

கனகம் களைக்கொத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். இன்றைக்கு அவன் பிள்ளையைக் கொன்றுவிடுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவன் போவதற்கு முன்னால் மகள் சரோஜாவை இழுத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவள் மண்டையில் இருந்தது.

தசரதனைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலங்கண்டிகையில் அவனைப்போல் ஒழுங்கான ஆள் கிடையாது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடிக்க மாட்டான். சீட்டு ஆட மாட்டான். ஒரகடம் மலையிலிருந்து கல் ஏற்றிப் போகும் வண்டிக்காரர்களில் மாட்டைச் சாட்டையால் தொடாதவன் அவன் ஒருவன்தான். நாக்கைச் சொடுக்கினாலே அவை நடக்கும். குடிகாரனாக இருந்திருந்தால் கனகம் பழியைக் குடிமேல் போட்டுவிட்டு ஆறுதலாக அழுதிருப்பாள். அந்தக் கொடுப்பினையும் அவளுக்கு இல்லை. அவன் தெளிவாக இருந்துகொண்டே அடிப்பான். சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு அடிப்பான். சத்தம் போட்டால் இன்னும் அடிப்பான் என்பதால் அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

மறுநாள் கிணற்றடியில் கேட்டால் மாடு முட்டிவிட்டது என்பாள். உதடு கிழிந்திருந்தாலும் மாடு, முதுகில் வரி விழுந்திருந்தாலும் மாடு. அந்த ஊரில் தசரதன் வீட்டு மாட்டைப்போல் சாதுவான ஜீவன் இல்லை. அதற்கு இருந்த கெட்ட பேர் வேறு எந்த மாட்டுக்கும் இல்லை. கிணற்றடிப் பெண்களும் லேசுப்பட்டவர்களா? "கொம்ப சீவி வுட்டுடு கனகம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் வேறு வேலையும் இருந்தது.

முந்தின ராத்திரி நடந்தது இதுதான். பகலில் வயலுக்கு ஏரித் தண்ணீர் திருப்பும்போது, இன்றைக்கு நம் முறை இல்லையே என்று அவள் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி. அதுதான் தப்பாகப் போயிற்று. ராத்திரி அவன் வண்டி நுகத்தடியில் செருகும் முளைக்குச்சியை எடுத்தான். தலையில் விழ வேண்டியதை அவள் கையால் தடுத்தாள். பிறகு கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான், ஒருமுறை, நிதானமாக, ஆணி அடிப்பவன் அளவு பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு இன்னொருமுறை. நெல் குதிருக்குப் பின்னால் சரோஜா படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று கனகம் நம்பினாள். நம்புவதற்கு அது ஒன்றாவது வேண்டுமே.

சரோஜா நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடம் என்பது ஓடு வேய்ந்த ஒரே கூடம், ஒரே வாத்தியார். சக்ரபாணி வாத்தியார் ஸ்ரீபெரும்புதூர் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை; தினமும் சைக்கிளில் வருவார். ஊர் அவரை ஐயரு வாத்தியார் என்றது. தாம் ஐயங்கார் என்று திருத்தித் திருத்திப் பார்த்து, ஓய்ந்துபோய் விட்டுவிட்டார். காந்தி வழியில் நடக்கும் ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர். வாய்ப்பாடு தெரிந்தால் போதாது, குணமும் வரவேண்டும் என்பது அவர் பிடிவாதம். கணக்குப் புரிந்தவன் புரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுந்து நின்று சொல்லவேண்டும், அதற்கு யாரும் சிரிக்கக் கூடாது. தண்ணீருக்கு ஒரு மந்திரி, சுகாதாரத்துக்கு ஒரு மந்திரி, பால் பவுடர் கரைத்து ஊற்ற ஒரு மந்திரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட்டு.

கோர்ட்டுச் சட்டம் சின்னதுதான். பிள்ளைகள் வட்டமாக உட்காரவேண்டும். அடித்தவர் நடுவில் வந்து நின்று, அடித்தேன் என்று தன் வாயால் சொல்லவேண்டும். அடிபட்டவரும் மறைக்கக் கூடாது. என்ன தண்டம் என்பதை அடிபட்டவர்தான் சொல்லவேண்டும். பூசணிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்று, பலகையைத் துடை, இப்படி. ஒருமுறை வாத்தியாரே கோபத்தில் ஒரு பயலைக் காதோடு அறைந்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினார். சட்டம் எல்லாருக்கும் பொது என்று சொன்னார். பிள்ளைகளுக்கு அது அப்படியே மனதில் இறங்கிவிட்டது. இந்தக் கூடத்துக்கு வெளியே இது செல்லாது என்று சொல்லிவைக்க அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. எந்தப் பெரியவருக்கும் தோன்றியிருக்காது.

கனகம் மூச்சிரைக்கப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது வட்டம் கூடியிருந்தது. அந்த மாசம் நீதிபதி சின்னப்பொண்ணு. காலையில் ஆடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிற பெண், முழங்காலில் சிரங்கு. நாற்காலி மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் மூலையில் ஒன்றாம் வகுப்பு சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கோர்ட்டு நடக்கும்போது அவர் தலையிட மாட்டார். பிராது இன்னார் மேல் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

"எழுந்து வாடி" என்று கனகம் மகளின் கையைப் பிடித்தாள்.

"கேசு முடியலமா."

"கேசாவது மண்ணாவது. ஒங்கப்பன் வந்துகினு கீறான். வா."

"வரட்டும்மா. அவரு வந்தாத்தான கேசு" என்றாள் சரோஜா. பயமில்லாமல், கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தப் பயமின்மையைப் பார்த்ததும் கனகத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஓங்கி ஓர் அறை விட்டாள். பிள்ளையின் கீழுதடு பல்லில் பட்டு ரத்தம் வந்தது. அப்போதும் சரோஜா எழுந்திருக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத்தான் பார்த்தாள்.

சின்னப்பொண்ணு தொண்டையைச் செருமினாள். "அத்தை, இப்ப நீங்களும் அடிச்சிட்டீங்க. நடுவுல வந்து நில்லுங்க."

"இன்னாம்மா கொழந்தே, யார் வந்திருக்கா?" என்று வாத்தியார் சிலேட்டை வைத்துவிட்டு எழுந்தார். அதற்குள் வாசல் இருண்டது.

தசரதன் வந்து நின்றான். சரோஜாவை முதலில் வீட்டில் தேடிவிட்டு வந்திருக்கவேண்டும். துண்டு தோளில் மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் சாட்டை. பின்னால் கோயிலடியில் சிரித்தவர்களில் சிலர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் உள்ளே வரவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேடிக்கைக்கு மட்டும் அந்த ஊரில் ஆள் குறைந்ததே இல்லை.

"எங்க அந்தக் கோர்ட்டு?" என்றான். குரலை உயர்த்தவில்லை.

வாத்தியாருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. முகம் வெளுத்தது. கையைக் கூப்பியமாதிரி வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "தசரதன், உக்காருங்கோ. கோவிச்சுக்கப்படாது. இது கொழந்தைகள் வெளையாட்டு. சும்மா வெளையாட்டு."

வட்டத்தில் இருந்த அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, இது விளையாட்டில்லை, விளையாட்டில்லை என்று சொன்னவர் இவர்தான்.

தசரதன் அறைந்தான். ஒரே அறை. வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி எகிறிப்போய்த் தூண் அடியில் விழுந்தது. மனிதர் சிலேட்டு அடுக்கின் மேல் சரிந்தார், சிலேட்டுகள் உடைந்தன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதது. அவர் தட்டுத்தடுமாறி எழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியது.

சின்னப்பொண்ணு நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டாள். பாவாடை நனைந்து காலோடு ஒழுகியது. ஆனாலும் அடுத்தது என்ன கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அதைக் கேட்டாள். "சார், ஒங்கள அடிச்சாரா?"

வாத்தியார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார், தசரதன் கையைப் பார்த்தார். "இல்லம்மா" என்றார். "கால் தடுக்கித்து. தூண்ல இடிச்சுண்டேன்."

கனகம் அதைக் கேட்டாள்.

தன் வாயிலிருந்து அது வரும்போது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை கேட்டதில்லை. இத்தனை வருஷமாகக் கிணற்றடியில், களத்தில், அண்ணன் வீட்டில், கட்டுப் போட்ட வைத்தியரிடத்தில், அவள் பேசியது இதைத்தான். இதே குரல்தான். படித்த மனுஷன், ஆண்பிள்ளை, ரத்தம் ஒழுக நின்றுகொண்டு தூணின்மேல் பழி போடுகிறார். ஒரு குழந்தைகூட அதை நம்பவில்லை. யாருமே நம்பவில்லையா? அப்படியென்றால் தன்னையும் ஒருத்தரும் ஒருநாளும் நம்பியதில்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாத்தியார்மேல் கோபமே வரவில்லை. பாவமாக இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது.

தசரதன் அதற்குள் சரோஜாவின் பின்னலைப் பிடித்துவிட்டான். தரையோடு இழுத்தான். பிள்ளை இரண்டு கையாலும் சின்னப்பொண்ணுவின் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொள்ள, நாற்காலியும் சேர்ந்து வந்தது. சாட்டை ஒருமுறை விழுந்தது. மாட்டின் மேல் விழாத சாட்டை. சரோஜாவின் முதுகில் சட்டை கிழிந்து சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அவள் கத்தவில்லை, அம்மாவைப்போலவே உதட்டைக் கடித்துக்கொண்டாள். கனகத்தால் பொறுக்க முடியாதது அதுதான். இந்த ஒன்றையும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன் என்று தோன்றியது.

அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடிக்கவில்லை. காலில் விழவில்லை. வட்டத்துக்குள் போய் நடுவில் நின்றாள்.

"நான் அடிச்சேன்" என்றாள். குரல் பிசிறியது. மறுபடி சொன்னாள். "சரோஜாவ நான் அடிச்சேன். இப்பத்தான். ஒதட்டுல ரத்தம் வந்துச்சி."

தசரதன் திரும்பிப் பார்த்தான். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல் இருந்தது அவன் பார்வை.

"அவரு என்னிய அடிச்சாரு" என்றாள் கனகம். "நேத்து ராத்திரி முளைக்குச்சியால அடிச்சாரு. செவுத்துல மோதினாரு. மாடு முட்டல. எந்த மாடும் என்னிய முட்டல. என் கல்யாணம் ஆனதுலேருந்து அவருதான்."

ஜன்னலில் யாரோ இருமினார்கள். தசரதன் பின்னலை விட்டான். வட்டத்துக்குள் வந்தான், பிள்ளைகளின் கால்களை மிதித்துக்கொண்டு. "சொல்லு" என்றான். "இன்னொரு தடவ சொல்லு."

"நீங்கதான் அடிச்சீங்க."

முஷ்டி வாயில் விழுந்தது. அவள் மண்டி போட்டாள். முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகக் கை தானாக எழுந்தது. அதைப் பிடித்துக் கீழே வைத்தாள். எழுந்தாள். "இப்பவும் அடிச்சாரு" என்றாள். மறுபடி விழுந்தது, இந்த முறை காதோடு. அவளுக்குக் கூடம் முழுவதும் ஒரே ரீங்காரமாகக் கேட்டது. தூணைப் பிடித்து எழுந்தாள். "இதோ, இப்பவும்."

இவ்வளவு காலமும் கதவைச் சாத்திவிட்டு அடித்தவன் அவன். இங்கே சாத்துவதற்கு என்ன இருக்கிறது? திறந்த வாசல், திறந்த ஜன்னல், கீழே வரிசையாகக் கண்கள். அழுதுகொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, "அடிச்சாரு, நான் பாத்தேன்" என்றது. பக்கத்தில் இருந்தவன், "நானும்" என்றான். அப்பாவுவும் சொன்னான். ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார்கள், வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பதுபோல. சிலர் கத்தி, சிலர் வாய்க்குள்ளேயே. கடைசியில் சரோஜா சொன்னாள். தரையில் குப்புறக் கிடந்தவாறே, "நேத்து நான் தூங்கலமா, பாத்தேன்" என்றாள். வாத்தியார் தூணடியில் கண்ணாடியைத் தேடி எடுத்து, கண்ணாடிச் சில்லே இல்லாத சட்டத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

தசரதன் சாட்டையை ஓங்கினான். ஓங்கிய கையோடு ஜன்னலைப் பார்த்தான். அங்கே இருந்த முகங்களில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், "வுடுப்பா தசரதா, போதும்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர்களும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் முகத்தில் விழிக்கவேண்டியவர்கள்தானே. சாட்டை இறங்கவில்லை; கீழே வைக்கப்படவுமில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது.

சின்னப்பொண்ணு நாற்காலியை நிமிர்த்திப் போட்டாள். ஈரப் பாவாடையோடு ஏறி உட்கார்ந்தாள். அடுத்து என்ன என்று வாத்தியாரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் அவளே கேட்டாள்.

"கனகம் அத்தை, அடிபட்டவங்க நீங்க. இன்னா தண்டம் சொல்றீங்க?"

கனகம் வாயிலிருந்து எதையோ உள்ளங்கையில் துப்பினாள். பல். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, பெண் பார்க்க வந்த அன்றுகூட. இப்போது ஆடு மேய்க்கிற பெண் கேட்கிறாள், அவளும் நிஜமாகவே பதிலுக்குக் காத்திருக்கிறாள். பூசணிப் பாத்திக்குத் தண்ணீரா? முளைக்குச்சியா? வாலாஜாபாத்தா? இவன் எங்கேயாவது போய்த் தொலைவதா? ஒவ்வொன்றாக மனதில் வந்தது, ஒவ்வொன்றும் சின்னதாக இருந்தது.

"அவசரப்படுத்தாதம்மா" என்றாள். "யோசிச்சிச் சொல்றேன்."

சொல்லிவிட்டு அப்படியே வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சரோஜா தவழ்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் முட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மணி அடிக்கிற நேரம் தாண்டிவிட்டது. யாரும் எழுந்துபோய் அடிக்கவில்லை. சாட்டையைப் பிடித்த கையோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், தசரதன் நின்றுகொண்டிருந்தான். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.